வேண்டாம்னு சொல்லுப்பா

மகள்: இல்லப்பா, நீ தப்பா நடிக்கற. மறுபடியும் மொதல்லேர்ந்து.

அப்பா: தலைய ஆட்டாத. முன்முடி கோணலாயிடும்.

மகள்: ஆட்டல. வாய் மட்டும்தான் ஆடுது.

அப்பா: உனக்கு வாய் ஆடினா கால் வரைக்கும் ஆடும். கத்தரி கையில இருக்கு, பாத்து. சரி... நான் இப்ப யாரு?

மகள்: கேப்டன். நம்ம கடைக்கு எதிர் கிரவுண்டுல பந்து ஆடுறவ. கண்ணாடியிலயே தெரியறா பாரு, செவப்பு சட்டை. நான் போறேன், ஓரமா நிக்கறேன். உடனே கேக்கக்கூடாது. ஒரு ஆட்டம் முடியற வரைக்கும் பாக்கணும். மத்தவங்களோட பழகச் சொல்லித்தர்ற கிளாஸ்ல மிஸ் அப்படித்தான்...

அப்பா: தெரியும், தெரியும். பாத்தாச்சா?

மகள்: பாத்தாச்சு. இப்ப நல்லதா ஒண்ணு சொல்லணும். "சூப்பரா பிடிச்சே." அப்புறம்தான் கேக்கணும். "நானும் ஆட வரட்டுமா?"

அப்பா: "ஓ, தாராளமா வா."

மகள்: ப்பா...

அப்பா: என்னடா?

மகள்: தாராளமான்னு எந்தப் பொண்ணு சொல்லுவா? முடி வெட்ட வர்றவங்கள உக்காரச் சொல்ற மாதிரியே சொல்ற. அதுவும் சிரிச்சுக்கிட்டு.

அப்பா: என் மூஞ்சியே அப்படித்தான். கழட்டியா வைக்க முடியும்?

மகள்: வேண்டாம்னு சொல்லு.

அப்பா: எதுக்கு?

மகள்: சரின்னு சொன்னா என்ன பண்ணணும்னு எனக்கே தெரியும். வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணணும்ங்கறதுதான் கஷ்டமான பாடம்.

அப்பா: அவங்க ஏன் வேண்டாம்னு சொல்லப் போறாங்க... இன்னைக்கு.

மகள்: சொல்லுவாங்க.

டாக்ஸிக்காரர்: என்ன மாஸ்டர், இப்போதைக்கு முடியுமா? வண்டிய வெயில்ல போட்டுட்டு வந்திருக்கேன்.

அப்பா: இதோ ஆச்சுண்ணே. முன்னாடி கொஞ்சம் தட்டினா முடிஞ்சுது.

மகள்: நல்லாத் தட்டுப்பா. கண்ணுல விழுந்தா அவங்க முகம் தெரியாது. முகத்தப் பாத்தாதான் எப்ப கேக்கறது, எப்ப வாய மூடறதுன்னு தெரியும். மாமா, நீங்க...

அப்பா: வாலு, அவர் பேப்பர் படிக்கறாரு. முகத்தப் பாத்துட்டுப் பேசணும்னு இப்பதானே சொன்ன?

மகள்: பாத்துட்டுத்தான் பேசறேன். கண்ணாடியில பாத்தேன். ரொம்ப நேரமா பக்கமே திருப்பல. நாம பேசறதத்தான் கேக்கறாரு.

டாக்ஸிக்காரர்: ...மாட்டிக்கிட்டேன்.

மகள்: மாமா, அப்பாவுக்கு நடிக்க வரல. நீங்க கேப்டனா இருக்கீங்களா?

டாக்ஸிக்காரர்: எனக்கு மீசை இருக்கேம்மா.

மகள்: பரவாயில்ல. நான் கேக்கறப்போ நீங்க வேண்டாம்னு சொல்லணும். நெசமா சொல்ற மாதிரி.

டாக்ஸிக்காரர்: அதுக்கென்ன, தெனம் சொல்றதுதானே. "அந்தப் பக்கம் வண்டி வராது"ன்னு.

அப்பா: அண்ணே... கொஞ்சம் பாத்து.

மகள்: "நானும் ஆட வரட்டுமா?"

டாக்ஸிக்காரர்: "இடமில்ல."

மகள்: "இடம்தான் இருக்கே, அந்தப் பக்கம் ஒரு ஆள் கொறைய..." ஐயோ. இல்ல, இல்ல. வாதாடக்கூடாது. மறுபடியும் மாமா. இன்னும் கறாரா. ஏன் சேக்கலன்னு காரணத்தோட.

டாக்ஸிக்காரர்: காரணம் என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?

மகள்: என் முறை வர்றதுக்குள்ள பந்தப் பிடுங்கி எறிஞ்சேன். கூரை மேல போயிடுச்சு. வேற பந்து கொண்டுவந்தாங்க. அதையும் எறிஞ்சேன். யார் பேசினாலும் நடுவுல பூந்துடுவேன். வேணும்னு பண்ணல மாமா. எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. நெனைக்கறதுக்கு முன்னாடி கை போயிடும். அதுக்குத்தான் பழகுற கிளாஸ்.

டாக்ஸிக்காரர்: வேணும்னு பண்ணலல்ல, அப்புறம் என்ன.

மகள்: இருந்தாலும் அவங்க பந்து போச்சுல்ல. அதச் சொல்லித் திட்டுங்க.

அப்பா: போதும்டா குட்டி.

மகள்: நீ வெட்டுப்பா. மாமா... "நானும் ஆட வரட்டுமா?"

டாக்ஸிக்காரர்: "உன்னச் சேத்தா ஆட்டமே கெட்டுடும். எங்க பந்தத் தொலச்சவ நீ. வேண்டாம், போ."

அப்பா: அண்ணே, என்ன இது.

மகள்: சும்மா இருப்பா... "சரி. அப்புறம் வந்து கேக்கறேன்."

டாக்ஸிக்காரர்: பலே. ஒரு வார்த்தைகூட வாதாடலியேம்மா.

மகள்: கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருந்தேன். துணி போத்தியிருக்கறதால தெரியல... ப்பா, ஏன் வெட்டாம நிக்கற?

அப்பா: ஒண்ணுமில்ல. கண்ணுல முடி விழுந்துடுச்சு.

மகள்: ரெண்டு கண்ணுலயுமா?

அப்பா: வாய் ஜாஸ்தி உனக்கு.

மகள்: மாமா, இன்னொரு தடவ. இன்னும் கறாரா சொல்லுங்க.

அப்பா: வேண்டாம், விடு. கேப்டன் இன்னைக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டா.

மகள்: எப்படித் தெரியும்?

அப்பா: தெரியும்.

மகள்: என் முகத்தப் பாத்து சொல்லு.

அப்பா: ...முந்தாநேத்து அவ முடி வெட்டிக்க வந்தா. இதே நாற்காலிதான். "என் பொண்ணையும் சேத்துக்கோம்மா, புதுப் பந்து நான் வாங்கித் தர்றேன்"னு கெஞ்சிட்டேன். சரின்னுட்டா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொல்லி வச்சேன்.

டாக்ஸிக்காரர்: அட, மாஸ்டர்...

அப்பா: என்ன பண்ணச் சொல்றீங்கண்ணே? சாயங்காலமானா இந்தக் கண்ணாடியில எல்லாம் தெரியுது. இவ அங்க போய் ஓரமா நிக்கறதும், கேக்கறதும், தலையத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பி வர்றதும். நேத்தும் அப்படித்தான் வந்தா. கேப்டன் சரின்னு சொன்னப்புறமும் ஏன் சேத்துக்கலன்னு எனக்குப் புரியல. மறந்துட்டா போல. இன்னைக்கு ஞாபகப்படுத்திட்டேன்.

மகள்: அவ மறக்கலப்பா.

அப்பா: என்ன?

மகள்: நேத்து நான் கேக்கறதுக்கு முன்னாடியே கூப்பிட்டா. "வா, உங்கப்பா கெஞ்சினாரு"ன்னா.

அப்பா: அப்ப ஏன் திரும்பி வந்த? அதானே உனக்கு வேணும்?

மகள்: "அப்பா கெஞ்சினதுக்காக வேண்டாம், பந்தும் வேண்டாம். நாளைக்கு நானே வந்து கேக்கறேன். பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னே சொல்லு, சண்ட போட மாட்டேன்"னு சொல்லிட்டு வந்தேன்பா. அதுக்குத்தான் இத்தன நேரம் பழகினேன்... துணிய அவுத்து விடு, அங்க ஆட்டம் முடியப்போகுது.