எங்கேயிருந்து சொட்டுகிறது

பழைய லாரியில் ஆயில் கசிந்தால் முதலில் இன்ஜினைக் கழுவ வேண்டும். பல மெக்கானிக்குகள் இதைச் செய்வதில்லை. கீழே சொட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ஸ்பேனரைப் போடுகிறார்கள். ஆயில் மேலே எங்கோ கசிந்து, ஓட்டத்தில் காற்று தள்ளிக்கொண்டு போய், சம்பந்தமில்லாத ஒரு போல்ட்டின் முனையில் சொட்டும். நான் டீசலால் கழுவி, துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவுவேன். கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டால், பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். பெங்களூர் பீன்யாவில் இருபத்தாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு கசிவுகூட எனக்குத் தப்பியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சார். கிளெமென்ட்டின் வண்டியில் நடந்தது எதுவும் வேலை தெரியாமல் நடந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

கிளெமென்ட் ஜோகுபாளையத்துக்காரன். சொந்த லாரி, தானே ஓட்டுவான். பீன்யா பட்டறைகளிலிருந்து ஓசூருக்கு வார்ப்பு இரும்பு ஏற்றிப் போவான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதல்முறை வந்தபோது இன்ஜினின் மேல்மூடி பேக்கிங் போயிருந்தது. நான் மாற்றி முடிக்கும்வரை எதிரில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் மாடு படுத்துக்கொண்ட கதை, மகள் ஆஷ்லி கணக்கில் முதலாவதாக வந்த கதை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை எனக்கு வைத்தான். வேண்டுமா என்று கேட்கவில்லை. வைத்தான்.

அதன்பின் நான்கு மாதம் அவன் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

அடுத்து ஆயில் மாற்ற வந்தபோது, கீழே இருக்கும் ஆயில் சேம்பரின் போல்ட்டுகளில் இரண்டை அரைச் சுற்றுக் குறைவாக முடுக்கினேன். நாளைக்குப் பத்துச் சொட்டு போகும். அதனால் எந்த இன்ஜினும் கெட்டுவிடாது. பழைய வண்டி, வாரம் ஒருமுறை கொண்டுவந்து காட்டு என்றேன். சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தான். ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்றைக் கொஞ்சம் தளர்த்துவேன். மற்ற டிரைவர்களிடம் அவன் என்னைப் பற்றி உயர்வாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் கை பட்டால்தான் என் வண்டி ஓடும் என்பான்.

என்னைத் தனியாள் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனைவி காந்தா இறந்து பன்னிரண்டு வருடமாகிறது, அது உண்மை. ஆனால் எனக்கு யாருடைய துணையும் தேவைப்பட்டதில்லை. ஷெட் இருக்கிறது, டிவி இருக்கிறது. அவன்தான் பேச ஆளில்லாமல் வந்துகொண்டிருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் பிரஷர் விளக்கு அடிக்கடி மினுக்குகிறது என்று பயந்தான். வேறு ஷெட்டில் ஒருதரம் காட்டலாமா என்று என்னிடமே கேட்டான். அன்றைக்கு அந்த பல்பைக் கழற்றி என் மேசை டிராயரில் போட்டேன். விளக்கு எரிவது நின்றது. அவனுடைய பயமும் போயிற்று.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். ஆஷ்லிக்குக் குழந்தை பிறந்திருந்தது. வண்டி ஓட்டியது போதும், வீட்டோடு இருங்கள் என்று அவள் சொல்லிவிட்டாளாம். ஓசூரில் ஒருவருக்கு லாரியை விலை பேசி முடித்திருந்தான். சனிக்கிழமை கொண்டுபோய் விட வேண்டும்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லண்ணா," என்றான்.

தொந்தரவு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் வந்தான். வாங்குகிறவர் குறை சொல்லாதபடி எல்லாக் கசிவையும் அடைத்துக் கொடுக்கச் சொன்னான். கழுவினேன், பவுடர் போட்டேன், ஒவ்வொன்றாக முடுக்கினேன். அந்த முதல் நான்கு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்த இன்ஜின் காய்ந்து கிடந்தது. அவன் விரலால் தடவி, சுத்தமான விரலை என்னிடம் காட்டிச் சிரித்தான். பிறகு கை கழுவப் போனான். அந்த நேரத்தில் ஆயில் கூலர் பைப்பின் நட்டைத் தளர்த்தினேன். மூன்று மரையில் நிற்கும்படி விட்டேன். வழியில் ஒழுகும், வாங்குகிறவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார், வண்டி என்னிடம் திரும்பி வரும். நான் நினைத்தது அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்த டிரைவர்கள் இரண்டு வருடத்தில் நோயாளியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அவனுக்கும் நல்லது.

அவன் கிளம்பியதும் கடைக்குப் போய் இரண்டு பிரியாணி பார்சல் வாங்கிவந்தேன். பதினொன்றரைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தின்மேல் இன்ஜின் ஆயில் இல்லாமல் இறுகி நின்றுவிட்டது.

"ஆயில் பூரா ரோட்டுல கெடக்குண்ணா. ஓசூர்காரருக்கு போன் பண்ணட்டா? அவரு ஆள் அனுப்புவாரு."

"யாரையும் கூப்பிடாதே. நான் வரேன். நீ கீழே படுத்து, எங்கேர்ந்து சொட்டுதுன்னு பார்த்துச் சொல்லு."

"பின்னாடி வண்டிங்க ஸ்பீடா வருதுண்ணா."

"ரெண்டு நிமிஷம்தான். லைன்லயே இரு."

எங்கேயிருந்து சொட்டுகிறது என்று எனக்குத் தெரியும். வண்டியை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நில் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போனை வைத்துவிடுவான். வைத்தால் ஓசூர்காரரைக் கூப்பிடுவான். அவன் படுத்தான். எல்லா இடமும் நனைந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றான். நன்றாகப் பார் என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தான்.

பின்னால் வந்த கன்டெய்னர் லாரி மோதிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. போன் கட்டாகவில்லை. யாரோ கன்னடத்தில் கத்தினார்கள், ஹார்ன்கள் அடித்தன. யாரோ அந்த போனை எடுத்து அணைக்கும்வரை, பதினோரு நிமிடம், காதில் வைத்திருந்தேன். உங்களிடம் இருக்கும் கால் லிஸ்ட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

பல்பை எடுத்தது நான். நட்டைத் தளர்த்தியது நான். லாரிக்குக் கீழே படுக்கச் சொன்னதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஷ்லி என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அப்பாவை இழந்த சின்னப் பெண், கோபம் இருக்கும். ஆனால் வண்டி நின்றதும் அவன் மகளைக் கூப்பிடவில்லை. ஓசூர்காரரையும் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டான். அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார்.