இனி யாரோடு பேசாமல் இருப்பது

நாற்காலியை இவ்வளவு கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் மேடம், எனக்குக் காது நன்றாகவே கேட்கும். எதற்காக இழுத்தீர்கள் என்பதும் தெரிகிறது. கிட்டே உட்கார்ந்தால் எதிரே இருப்பவள் மனம் விட்டுப் பேசுவாள் என்று உங்களுக்குப் போலீஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் உங்கள் ஷூ முனை இரண்டும் கதவுப் பக்கம் திரும்பியிருக்கின்றன. என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்க உங்களுக்கு விருப்பமில்லை. பரவாயில்லை, எனக்கும் வளவளவென்று பேசிப் பழக்கமில்லை.

நான் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். பாடம் நடத்தியதைவிடத் தேர்வு அறையில் நின்றதில்தான் எனக்குப் பெயர். காப்பியடிக்கப் போகிற பிள்ளையின் கழுத்து, திரும்புவதற்கு முன்னாலேயே ஒரு மாதிரி விறைத்துக்கொள்ளும். பார்த்ததும் போய்ப் பக்கத்தில் நின்றுவிடுவேன். ஒருமுறை ஒரு பெண்ணை எழுப்பி வெளியே அனுப்பினேன். அவளிடம் துண்டுச் சீட்டு எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளைக்குக் கழுத்துச் சுளுக்கு என்று அவள் அம்மா வந்து அழுதாள். அழும்போதே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டாள், அதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தலைமையாசிரியை மனம் இளகி அந்தப் பெண்ணை மறுபடி எழுத விட்டார். இன்றைக்கு வந்தாலும் நான் அவளை வெளியேதான் அனுப்புவேன்.

செத்துப்போனவளைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே குளியலறை. பதினொரு வருஷம் ஒன்றாக இருந்தோம். அதில் ஒன்பது வருஷம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. புருவத்தை உயர்த்துகிறீர்கள். எல்லாரும் இந்த இடத்தில் உயர்த்துவார்கள்.

பேச்சில்லை என்றால் தினமும் அடிதடி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டைப் போல ஒழுங்காக நடந்த வீடு அந்தத் தெருவிலேயே இல்லை. நான் சமையலை முடித்துவிட்டால் கரண்டியை மேடைமேல் நங்கென்று வைப்பேன், இனி நீ உள்ளே வரலாம் என்று அர்த்தம். பால் காய்ச்சியாகிவிட்டது என்றால் அவள் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருப்பாள். டீத்தூள் தீர்ந்தால் டப்பாவின் மூடி திறந்து கிடக்கும். குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு கனைப்பு என்றால் மெதுவாக வா, இரண்டு கனைப்பு என்றால் சீக்கிரம் வா. விருந்தாளி வந்தால் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாக அவர்களோடு பேசுவோம். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வந்து பெருமூச்சு விட்டாள். “உங்க வீட்ல ஒரு சத்தம் கேட்டதில்லையே. என் ஓரகத்தியும் இருக்காளே, அவ வாயத் திறந்தா தெருவே கூடிடும்” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தோம்.

காரணம்தானே. சொல்கிறேன். என் மகளுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்த வாரம் அது. கூடத்தில் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெற்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது. எதிரே அலமாரிக் கண்ணாடி. எனக்குப் பின்னால் நின்றவள் அதில் தெரிந்தாள். தன் புருஷனைப் பார்த்து உதட்டை ஒரு பக்கமாகக் கோணினாள். கண் சிமிட்டும் நேரம்தான். அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். என் பெருமை அவர்களுக்கு இளக்காரமாகப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது மேடம். இப்போது சொல்லும்போதும் எரிகிறது. அன்று சாயங்காலத்திலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தார். “அன்னைக்கு அவளுக்குக் கடைவாய்ப் பல்லு வலியாம். மறுநாளே போய்ப் புடுங்கிட்டு வந்தாளே, நீயும்தான பாத்த” என்றார். பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு வாரம் கன்னம் வீங்கிக் கஞ்சி குடித்தாள். ஆனால் வலியில் கோணுகிற உதடு கீழே இறங்கும், இளக்காரத்தில் கோணுகிற உதடு மேலே ஏறும். அவளுடையது மேலே ஏறியது. கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியும் என்று அவர் ஏதோ சொன்னார். இடமும் வலமும் மாறும், மேலும் கீழும் மாறாது என்று எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது என்றேன். எழுதிக்கொள்வதால் சரியாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாலைந்து மாதம் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். “அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா? சொல்லுங்கக்கா, திருத்திக்கிறேன்” என்று சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். என்ன தப்பு என்றே தெரியாமல் கேட்கிற மன்னிப்பு எனக்கு எதற்கு? தானாக உணர்ந்து, தானாக வந்து கேட்க வேண்டும். பிறகு அவளும் ஓய்ந்துவிட்டாள். டம்ளரைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

நான் அந்த ஒன்றுக்காகத்தான் ஒன்பது வருஷமும் காத்திருந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு வருவாள் என்று நினைப்பேன். அவள் நடையிலும், கதவைச் சாத்துகிற விதத்திலும், தலை துவட்டுகிற வேகத்திலும் அதைத் தேடுவேன். என் புருஷனின் முகத்தைக்கூட நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு என்னைக் கடந்து போவாள். குற்றமுள்ள நெஞ்சு என்று புரிந்துகொள்வேன். ஆனால் வாய் மட்டும் திறக்காது.

போன மாதம் வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கொழுந்தன் என்னைப் பார்த்தால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவள் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தாள், அடிக்கடி தானாகச் சிரித்துக்கொண்டாள், துணி மடிக்கும்போது கால் கட்டை விரல் தாளம் போட்டது. நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “தனியா வீடு பாத்துட்டாங்க. மாசக் கடைசில கிளம்புறாங்க. போகட்டும் விடு, உனக்கும் நிம்மதி” என்றார். நிம்மதி என்று சொல்லும்போது அவருடைய தோள்தான் இறங்கியது.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள், நலமா என்று கேட்டு வைத்துவிடுவாள். வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காத மனிதர். நான் கரண்டியை எந்த வேகத்தில் வைக்கிறேன், குழாயை எவ்வளவு திருப்புகிறேன் என்று கவனித்து, அதற்குத் தகுந்தாற்போல நடந்துகொண்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான். அவள் கேட்க வேண்டியதைக் கேட்காமலே மூட்டை கட்டுகிறாள். கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவள் போய்விட்டால் நான் இனி யாரோடு பேசாமல் இருப்பது?

ஹீட்டருக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் வெந்நீர்க் குழாயைத் தொட்டதும் விரலில் சுருக்கென்றது. குளியலறைக்கு வெளியே சுவரில் ஹீட்டரின் சுவிட்ச் இருக்கிறது, அதற்கு மேலே ஓர் ஆணி. என் சிவப்புத் துண்டை அந்த ஆணியில் சுவிட்சை மறைத்தாற்போலத் தொங்கவிட்டேன். இதைத் தொடாதே என்று அர்த்தம். அதற்கு முன் ஒருமுறை ஹீட்டர் கெட்டபோது நாங்கள் பழகிக்கொண்டது. அவள் வந்தாள், துண்டைப் பார்த்தாள், பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டுப் போனாள். என் துண்டை அவள் அவ்வளவு நம்பினாள், அது எனக்குப் பிடித்திருந்தது.

புதன்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். “எர்த் ஒயர் அறுந்து கெடக்குதும்மா. உள்ள தண்ணிய சூடாக்குற காயிலும் ஓட்டை. தண்ணியிலயே கரண்ட் எறங்கும். சனிக்கிழமை புதுசு கொண்டாந்து மாட்டிடறேன், அதுவரைக்கும் இதை யாரும் போடக் கூடாது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க” என்றார். ஹீட்டருக்கான ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி ஃபியூஸ் பெட்டியின் மேல் வைத்தார். நான் தலையாட்டினேன். அவர் பையோடு படியிறங்கும்போது அவள் வெளியிலிருந்து வந்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

எல்லாரிடமும் சொல்லச் சொன்னார். ஆண்கள் இரண்டு பேரும் வருஷம் முழுக்கப் பச்சைத்தண்ணீரில் குளிப்பவர்கள், அவர்களிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. மிச்சம் இருப்பது ஒருத்தி. அவளோடு நான் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆண்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஆணியிலிருந்து துண்டை எடுத்தேன். அது என் துண்டு, நாலு நாளாகத் தொங்கி அழுக்காகியிருந்தது. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். என்னுடைய துண்டை நான் துவைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபியூஸ் கட்டையைத் திரும்ப மாட்டியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். சுவரில் ஒரு பொந்து பல்லை இளித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது, வீடு வீடாக இருக்க வேண்டும். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள் மேடம். எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவள் மாற்றுத் துணியைக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். வெறும் ஆணியைப் பார்த்ததும் நின்றாள். வழக்கமாக அதோடு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். அன்று என்னவோ திரும்பிச் சமையலறை வாசலுக்கு வந்தாள். நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அவள் கனைக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் கண் என் கண்ணை விட்டு நகராமல் நின்றது அப்போதுதான். அந்தக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை.

“அக்கா” என்றாள். குரல் கொஞ்சம் தடித்துப்போயிருந்தது. “ஹீட்டர் சரியாயிடுச்சா?”

நான் டீத்தூளை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

“போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்க்கா. ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன். குளிச்சிட்டு வந்துடறேன், ரெண்டு பேரும் உக்காந்து பேசலாமா?”

அவள் கை துணியைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தது. உதடு நடுங்கியது. நான் எத்தனையோ வருஷமாகத் தேடியது அவள் முகத்தில் அப்படியே இருந்தது, படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை. அவள் இரண்டு கேள்வி கேட்டிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருமுறை தலையாட்டினேன். கண்ணை மெதுவாக மூடித் திறந்து, சரியாகிவிட்டது, போய்க் குளி என்று ஆட்டினேன். தண்ணீரில் மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்துதான் ஆட்டினேன். இதை என்னிடமிருந்து யாரும் அடித்து வாங்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அவள் சிரித்தாள். சுவிட்ச் தட்டுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. தண்ணீர் சுட எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் வாளியை நகர்த்தினாள், சின்னக் குரலில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். குளியலறைக் கதவு என் அடுப்பிலிருந்து ஏழெட்டு அடிதான். போய்த் தட்டியிருக்கலாம். இரண்டு கனைப்பு கனைத்திருந்தால்கூட என்னமோ ஏதோ என்று ஓடி வந்திருப்பாள், அவ்வளவு பழக்கம். நான் அடுப்பின் தீயைக் குறைத்தேன்.

பிறகு வாளி சாய்ந்து உருளுகிற சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் இல்லை. நான் இரண்டு டம்ளர் எடுத்து இரண்டிலும் டீ ஊற்றினேன். அவள் சர்க்கரை குறைவாகக் குடிப்பாள் என்று எனக்குத் தெரியும். மேஜையில் எதிரெதிராக வைத்துவிட்டு உட்கார்ந்து, ஆறிப்போகிற வரைக்கும் காத்திருந்தேன்.

குளித்துவிட்டு வந்து பேசுகிறேன் என்றவள் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கடைசிவரைக்கும் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை.