வெல்டு ஆறுவதற்குள் வந்த ஜீப்

என்னைப் பட்டறைக்காரர் என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். வயது முப்பத்து நான்கு. ரயில் பாதைக்குப் பின்புறத் தெருவில் கிரில் கேட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு மேலேயே மனைவியோடு குடியிருக்கிறேன். என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. கடன் ஆலோசனை மைய அலுவலகத்தின் கேட்டை அதன் உரிமையாளர் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து வெல்டு வைத்து அடைத்தது தொடர்பாக விசாரிக்கப்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

பட்டறைக்கு மெஷின் வாங்க பேங்கில் கடன் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்யும் என் அக்கா அதற்கு ஜாமீன் போட்டாள். கையெழுத்து வாங்கும்போது படித்துப் பார் என்றேன். "உன் மூஞ்சியத்தான் சின்ன வயசிலேருந்து படிக்கிறேனே" என்று சொல்லிவிட்டுக் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாள். அதன் பிறகு இரும்பு விலை ஏறியது. வேலை குறைந்தது. தவணை கட்டுவதற்கே இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்கும் நிலை வந்தது. எதை முதலில் அடைப்பது, எதைத் தள்ளிப் போடுவது என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்கலாம் என்று தேடினேன். பேங்கிலேயே அதற்கு இலவசமாக ஒரு மேசை இருந்தது. கடன் கொடுத்தவனிடமே போய் எப்படித் தப்பிப்பது என்று கேட்பதா என்று நினைத்துப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த மையத்தின் உரிமையாளரான ஆலோசகர் தன் அலுவலகத்துக்குக் கேட் கேட்டு வந்தார். வழக்கத்தைவிடத் தடிமனான கம்பி, உள்ளே தாழ்ப்பாள், கை நுழையாத இடைவெளி, வேறு வழி எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னார். செய்து மாட்டினேன். மாட்டிய அன்றே பேரம் பேசாமல் முழுத் தொகையும் கொடுத்தார். கேட் மாட்டிய பிறகு பாக்கி வைக்காத ஒருவரை இந்தத் தொழிலில் நான் அதுவரை பார்த்ததில்லை. டாக்டரும் வாத்தியாரும்கூடக் கடைசிப் பணத்துக்கு என்னை அலையவிட்டிருக்கிறார்கள். அதனால் அவரை யோக்கியர் என்று முடிவு செய்தேன். ஆலோசனை சொல்லும் இடத்துக்கு எதற்கு இவ்வளவு கெட்டியான கேட் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு என் கடனைப் பற்றி அவரிடம் சொன்னேன். குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "பேங்க்ல கட்டறத நிறுத்துங்க தம்பி. நீங்க கட்டிக்கிட்டே இருந்தா அவன் ஏன் எறங்கி வரணும்?" என்றார். அந்தத் தவணையை மாதாமாதம் தன்னிடம் கட்டினால் பேங்கோடு பேசிப் பாதியில் முடித்துத் தருவதாகச் சொன்னார். கட்டினேன். வேலை இல்லாத மாதத்தில் மனைவியின் தையல் மெஷினை விற்றும் கட்டினேன். எப்போது கேட்டாலும் ப்ராசஸில் இருக்கிறது என்பதே பதில்.

அதன் பிறகு பேங்க் அனுப்பிய வசூல் ஆட்கள் அக்கா வேலை செய்யும் இடத்துக்கே போய், "தம்பிக்குக் கையெழுத்துப் போடத் தெரிஞ்ச கைக்குப் பணம் கட்டத் தெரியாதா?" என்று எல்லோர் முன்பும் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அன்று மாலை அவள் ஈரக் கையோடு என் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவன் திட்டினது எனக்கு வலிக்கலடா. நீ ஆறு மாசமா கட்டலங்கறத அவன் வாயாலயா நான் கேக்கணும்?" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் பேங்கில் விசாரித்தபோது ஆலோசகர் என்று யாரும் அங்கே பேச வந்ததே இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகு இதே ஸ்டேஷனுக்கு இரண்டு முறை புகார் கொடுக்க வந்தேன். நானாகப் போய்க் கொடுத்த பணம், கோர்ட்டில் பார்த்துக்கொள் என்று ரைட்டர் சொல்லி அனுப்பிவிட்டார். புகாரைக் கையில் வாங்கவே இல்லை.

இன்று காலை அந்த வழியாகப் போனபோது அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர்களைப் பெட்டியில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஆலோசகர் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு போனில் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்கு மூன்றாவது முறை போவதா என்று யோசித்தேன். போகவில்லை. பட்டறைக்குப் போய்ச் சின்ன வெல்டிங் மெஷினை எடுத்து வந்து, தாழ்ப்பாள் பக்கத்திலும் கீல் பக்கத்திலும் வெல்டு வைத்தேன். கரண்ட் எந்தக் கடையில் எடுத்தேன் என்பதைச் சொல்ல விருப்பமில்லை. வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும் என்று அவரை எச்சரித்த பிறகே வேலையைத் தொடங்கினேன். அவரை அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் தம்பி என்று உள்ளேயிருந்து கெஞ்சினார். "நீங்க ப்ராசஸ்ல இருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு அவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். வெல்டு ஆறுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. கேட்டை வெட்டும்படி இன்ஸ்பெக்டர் என்னிடமே சொன்னார். பெட்டிகளும் ஸ்டேஷனுக்கு வரும் என்றால் வெட்டுகிறேன் என்றேன். சம்மதித்த பிறகு வெட்டினேன். பெட்டிகள் இப்போது வராந்தாவில் இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எனக்குத் தெரிகிறது.

நான் செய்தது குற்றம் என்றால் அதற்குரியதை அனுபவிக்கிறேன். கடன் கட்டாமல் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதும், அக்காவுக்கு இது எதுவுமே தெரியாது என்பதும் பதிவாக வேண்டும். அவள் வேலை போகக் கூடாது.

இதைப் படித்துக் காட்டும்போது, முன்பு புகார் வாங்கவில்லை என்ற பகுதி வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று ரைட்டர் சொன்னார். எடுத்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நான் இப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொல்லி எழுத வைத்தேன். என் அக்கா என்னை நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள். நான் இதை முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லி, அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, சொன்னதெல்லாம் நடந்ததே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)