கண் திறந்த ஜெனி

குரோம்பேட்டையில் மின்சார ரயில் நின்றபோது எதிர் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"செத்த பொண்ண எழுப்பிட்டேன், சார்."

அவர் மடியில் சபைப் பத்திரிகையின் புதிய இதழ் கிடந்தது. அதில் தொடர்கதை எழுதுகிறவர் அவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"உங்க ஜெனியப் பத்தின கதைதானே? காய்ச்சல்ல போயிட்டான்னுதானே முடிச்சிருந்தீங்க?"

"பத்திரிகை நடத்துற பாஸ்டர் ஒத்துக்கல. எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறாங்க, பொண்ணு கண்ணத் திறக்கணும்னார்."

"அது சினிமா கிளைமாக்ஸாச்சே! சினிமாவே பாவம்னு வாரா வாரம் கத்துறவரு அவரு!"

"சொல்லிப் பாத்தேன். ஜனங்களுக்கு விசுவாசம் வரணும் பிரதர்னார். அவர் சொன்னபடியே எழுதிக் குடுத்துட்டேன்."

"விடுங்க சார், கதைதானே."

"கதைதான். நேத்து என் வொய்ஃப் படிச்சா. எங்க ஜெனிக்காக ஆஸ்பத்திரி வராண்டாவுல நாங்களும் மூணு நாள் முழங்கால்லதான் இருந்தோம். 'அப்ப நாம சரியா ஜெபிக்கலையா'ன்னு கேட்டா."



"நீங்க என்ன சொன்னீங்க?"

"அச்சாயிடுச்சு, இனிமே மாத்த முடியாதுன்னேன்."