நெடுக்கே விரித்த வலை

என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று சொன்னீர்கள், ஐயா. நன்றி. பகலில் சாலை வேலைக்கு மேற்பார்வை, மாலையில் பொறியியல் வகுப்பு. இரண்டையும் ஒரே நோட்டில்தான் எழுதுவேன். வீட்டைப் பூட்டிய பிறகும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எழுதி வைத்தால்தான் நடந்தது நடந்ததாகத் தோன்றும்.

கஃபர் ஸஃப்ஸாஃபில் வாய்க்கால் பாலத்துக்கு ஏறும் சாலைக்கரை ஆறு மீட்டர் உயரம். எங்கள் டெல்டாக் களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் வெண்ணெய். அதைப் பிடித்து நிறுத்தத்தான் அடுக்குக்கு அடுக்கு பிளாஸ்டிக் வலை விரித்து மேலே மண்ணைக் கொட்டி உருளை ஓட்டுவது. கரைக்குக் கீழேயே வேன் நிறுத்தம். காலையில் சந்தைக்குப் போகிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள். அவர்களுக்கு ஷஹாத் மாமா தள்ளுவண்டியில் டீ விற்பார்.

வலை வந்த அன்று மேஸ்திரி பயூமி என்னிடம் கேட்டார். "இன்ஜினியரே, இதைக் கரைக்குக் குறுக்க வெட்டி வெட்டிப் போடணுமா, நெடுக்க உருட்டி விட்டுடலாமா? வெட்டிக்கிட்டு இருந்தா ரமலான் பிறையை இங்கதான் பார்ப்போம்."

அதுவரை என்னை யாரும் இன்ஜினியர் என்று கூப்பிட்டதில்லை. வரைபடத்தில் ஓர் அம்புக்குறி இருந்தது. அது வடக்கைக் காட்டுகிறது என்று நினைத்தேன்.

"நெடுக்கவே போடுங்க," என்றேன்.

ஒன்பது நாள் முன்னதாகவே வேலை முடிந்தது. பயூமியின் ஆட்கள் எண்ணெய் டின்களைத் தட்டி ஆடினார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "மெதுவாடா, பாஷாவைக் கீழ போட்டுட்டா அடுத்த கரைக்கு எங்க போய் ஆள் தேடுறது," என்றார் பயூமி. அன்றைய பக்கத்தில் நான் ஒரு சூரியன் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஆசிரியை இனாஸ் அதே வலையில் ஒரு துண்டை வகுப்புக்குக் கொண்டுவந்தார். நீளவாட்டில் இரண்டு தடியன்கள் இழுத்தும் அசையவில்லை. அகலவாட்டில் அவரே கையால் கிழித்துக் காட்டினார்.

"பலமெல்லாம் நீளத்துலதான். அந்த நீளம் கரைக்கு உள்ள போகணும். நெடுக்க விரிக்கிறவன் கரையைக் கட்டல, அதுக்குப் போர்வை போத்தி விடுறான்," என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, குறித்து வைத்திருக்கிறேன்.

நான் தவறாகக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. மறுநாள் கிடங்கில் மிஞ்சிய வலையில் மூன்று துண்டுகளை நீளவாட்டிலும் மூன்றை அகலவாட்டிலும் இழுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இழுத்த விதத்தில் தவறிருக்குமோ என்று மறுபடியும் இழுத்தேன். வரைபடத்து அம்புக்குறி வடக்கை அல்ல, வலையின் நீளம் போகவேண்டிய திசையைத்தான் காட்டியிருந்தது. ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு முழுக் கரையையும் தோண்டச் சொல்ல முடியுமா? பயூமியின் ஆட்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அப்புறம் என்னை இன்ஜினியர் என்று கூப்பிடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன், ஆனால் படிக்கும்படிதான் அடித்திருக்கிறேன்.

நவம்பரில் கரையின் மேல் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. வியாழக்கிழமைதோறும் அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர், ஐந்து, பதினொன்று. மழைக்குப் பிறகு இருபத்து நான்கு. கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோட்டை நீட்டினேன். கரை விழும் நாள் ஜனவரி பதினான்கு என்று வந்தது. வகுப்பில் வேறு யாருக்கும் அவ்வளவு அழகான கோடு வந்திருக்காது.

ஜனவரி பத்தாம் தேதி ஷஹாத் மாமாவிடம் போனேன். புதினாவை அவர் கசக்கிப் போடும் டீ எனக்குப் பிடிக்கும். தன் முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொள்வார்.

"மாமா, வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்துங்க. வெயில் இதமா விழும்."

"பன்னெண்டு வருஷமா பொண்டாட்டி சொல்லியே நகராதவன். நீ சொல்லி நகரணுமாக்கும்," என்று சிரித்தார். ஆனால் நகர்ந்தார். வண்டியை நானே தள்ளினேன்.

நிறுத்தத்தில் இருந்தவர்கள் விடவில்லை. "யோவ் ஷஹாத்து, ஒரு டீக்காக நாங்க ரோட்டைத் தாண்டணுமா? நீயே கொண்டு வாய்யா," என்று கத்தினார்கள். அவரும் அன்றிலிருந்து தட்டில் வைத்து எடுத்துப் போய்க் கொடுத்தார்.

இரண்டு இரவு விடாமல் மழை. பன்னிரண்டாம் தேதி காலை ஏழு இருபதுக்குக் கரை சரிந்தது. என் கணக்கில் இரண்டு நாள் பிழை, மழையை நான் சேர்க்கவில்லை. ஷஹாத் மாமா காலித் தம்ளர்களோடு ரோட்டின் பாதிக்குத் திரும்பியிருந்தார். மண்ணுக்கு அடியில் பதினொரு பேர்.

மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அவர்கள் காரணம் கேட்டிருப்பார்கள். மாமாவுக்கு வெயில் என்ற காரணமே போதுமாக இருந்தது.

நெடுக்கே போடச் சொன்னது நான்தான். தவறு என்று தெரிந்த பிறகு எழுபத்திரண்டு நாள் வாயைத் திறக்காததும் நான்தான். விழும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு தினமும் அந்த வழியாக அவர்களுக்கு வணக்கம் சொல்லிப் போனதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாகியிருக்க வேண்டியது பதினொன்றானதையும் சேர்த்து எழுதுங்கள்.

வண்டியை நான் தள்ளியதை உங்களிடம் முதலில் வந்து சொன்னது ஷஹாத் மாமாதானாமே. எனக்காகப் பரிந்து பேச வந்திருப்பார். நேற்று உங்கள் விசாரணை அறை வராந்தாவில் அவரைப் பார்த்துச் சிரித்தேன், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூச்ச சுபாவம், உயிரைக் காப்பாற்றியவனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.