வெண்ணி என்ன சொன்னாள்?

— இல்லீங்கறேன் புள்ள, ஒம்போதே முக்காலுக்கே கரண்டு போயிருச்சு. கெணத்துக்கடவு பூராத்துக்கும் இல்ல. சீரியல்ல கொம்பன் என்னானான்? அத மொதல்ல சொல்லு செல்வி!

— லோகா, நான் எஸ்டிடி பூத்துல நின்னு பேசறேன். கூப்பிட்டது வேற விசயத்துக்கு. நாளைக்குக் காலேஜுல நம்ம கிளாஸ் சம்மு புள்ளைக்கு என்கொயரி. பத்து மணிக்கு.

— அத இப்பப் பேசாத.

— இப்பப் பேசாம எப்பப் பேசறது? பிட்டு அடிச்சதா ஹால் டிக்கெட்டப் புடுங்கி வெச்சுட்டாங்க. மூணு வருசத்துக்குப் பரிச்சையே எழுதக்கூடாதுன்னு போட்டுருவாங்களாம்.

— செல்வி, இங்க எல்லாரும் ஊட்டுல இருக்காங்க. அம்மா அடுப்படில. அப்பா வாசல்ல ஆளுங்ககிட்டப் பேசிட்டிருக்காரு. போனு நடு ஊட்டுல இருக்குது. வேண்டாம் புள்ள. நீ 'ஒளிமலை மூவர்' பாத்தியா இல்லியா, அதச் சொல்லு. ஒரு வாரமா எனக்குச் சோறே எறங்கல.

— ...

— செல்வி? லைன்ல இருக்கியா?

— இருக்கறேன். பாத்தேன். தலவலின்னு சொல்லி சர்ச்சுக்குக்கூடப் போகாம உக்காந்து பாத்தேன்.

— அய்யோ சாமி! சொல்லு, சொல்லு, வெசையாச் சொல்லு! கொம்பனத் தள்ளிப்போட்டாங்களா?

— இரு. போன வாரம் எங்க உட்டாங்க? நீ சொல்லு பாக்கலாம்.

— எனக்கேவா பரிச்ச வெக்கற? மூணு பேரும் காட்டையெல்லாம் தாண்டி ஒளிமலைக்கு வந்து சேந்துட்டாங்க. மலைக்கு மேல முந்நூறு வருசமா அணையாத வெளக்கு. ராத்திரி அது அணைஞ்சு போச்சு. யாரு அணைச்சாங்கன்னு காட்டல. காவல்காரங்க ஓடி வந்து பாத்தா, பக்கத்துல கொம்பன் நிக்கறான். அவனப் புடிச்சுப் பாறை நுனியில கட்டிப்போட்டாங்க. பொழுது கெளம்பறதுக்குள்ள அணைச்சது யாருன்னு தெரியலீன்னா பள்ளத்துல உருட்டி உட்ருவாங்க. கொம்பன் வாயவே தொறக்கல. அதோட தொடரும்னு போட்டுட்டாங்க. சரியா?

— சரி. அணைச்சது கொம்பன் இல்ல.

— தெரியும்! தெரியும்! நான் சம்முகிட்ட அப்பவே பந்தயம்... சரி, யாரு?

— வெண்ணி.

— வெண்ணியா? நெசமாவா? வில்லு வெச்சிருக்கற வெண்ணியா? போ புள்ள, அவ அப்பிடிச் செய்ய மாட்டா!

— செஞ்சுட்டாளே. அவ பந்தத்துல எண்ணெய் தீந்து போச்சு. இருட்டுன்னா அவளுக்குப் பயமில்ல? யாரும் பாக்கலீன்னு அந்த வெளக்குலிருந்து கொஞ்சம் ஊத்திக்கலாம்னு போனா. கை தவறி, தட்டி உட்டுட்டா. வெளக்கு போச்சு. ஓடிப் போயி படுத்துக்கிட்டா.

— அதக் கொம்பன் பாத்துட்டானா?

— பாத்துட்டான். வெளக்கத் திருப்பி ஏத்திப்போடலாம்னு ஓடுனான். அதுக்குள்ள காவல்காரங்க வந்துட்டாங்க.

— அம்மணி, சித்த வெசையாப் பேசி முடிங்க. பின்னால ரண்டு பேரு நிக்கறாங்க.

— அஞ்சு நிமிசம் பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. லோகா, பூத்துக்காரரு அக்பர் அலி பாய் அவசரப்படுத்தறாரு. கேளு. இப்ப வெண்ணி பண்ணுனது இன்னொருத்தனுக்கும் தெரியும்.

— செழியனுக்கா?

— ஆமா. செழியன் தூங்காமக் கெடந்தான். அவ ஓடி வந்து படுத்ததப் பாத்தான். அவ கையில எண்ணெய் வாசம். இப்ப அவனுக்கு ரண்டு பக்கமும் இடி. சொன்னா வெண்ணி போயிருவா. சொல்லலீன்னா கொம்பன் போயிருவான். ரண்டு பேரும் அவனுக்கு உசுரு.

— அய்யோ, நானா இருந்தா பைத்தியமே புடிச்சிரும். அப்பறம்?

— அப்பறம் என்ன, செழியன் நேரா வெண்ணிகிட்டப் போயி, 'வெண்ணி, நீ படுத்திருக்கற. ஆனா நீ தூங்கல, எனக்குத் தெரியும்'னு சொன்னான் பாரு, எனக்கு...

— இரு இரு இரு. செழியனுக்குத்தான் பேச்சே போச்சே! மூணு வாரத்துக்கு முந்தியே அந்தச் சூனியக்காரி குரலப் புடுங்கிட்டாளே! எப்பிடிப் பேசுனான்?

— ...

— செல்வி?

— அதாண்டி விசயமே! வாயில சொல்லல. மணல்ல குச்சிய வெச்சு எழுதிக் காட்டுனான். அந்த வெசனத்துல நான் பேசுனான்னு சொல்லிப்போட்டேன். நிலா வெளிச்சத்துல ஒவ்வொரு எழுத்தா எழுதறான். அவ காலால அழிக்கறா. திருப்பி எழுதறான். திருப்பி அழிக்கறா.

— ...

— லோகா? கேக்குதா? லோகா!

— கேக்குது. இங்கதான் இருக்கறேன். நீ சொல்லு.

— ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கொம்பன்னு சொன்னீங்களே, அந்த 'ஒளிமலை மூவர்' கதைதானுங்களே? ஞாயித்துக்கெழமையானா நான் பூத்த உட்டு நகர முடியறதில்லீங்க. அவன எறக்கி உட்டாங்களா?

— இன்னும் இல்லீங்க பாய், கட்டித்தான் வெச்சிருக்காங்க.

— அப்பச் சொல்லுங்க, சொல்லுங்க. ஏனுங், வரிசையில நிக்கறவங்க சித்த சும்மா இருங்க, கொம்பன் கட்டுல கெடக்கறான்!

— செல்வி, கொம்பன் ஏன் வாயத் தொறக்கல? அவனுக்குத்தான் தெரியுமே. சொல்லிப்போட்டுத் தப்பிக்கலாமல்ல?

— அதையே செழியனும் கேட்டான். கேட்டான்னா, எழுதிக் கேட்டான். பாறை நுனிக்குப் போயி, காவல்காரன் அந்தப் பக்கம் திரும்புன நேரம் பாத்து. கொம்பன் சிரிக்கறான். 'வழி பூரா அவ எனக்குச் சோத்துல பங்கு குடுத்தா. நான் தொட்ட செம்புல தண்ணி குடிச்சா. அவள நான் காட்டிக் குடுக்க மாட்டேன்'ங்கறான். 'இன்னொண்ணு செழியா, நான் சொன்னாலும் எவன் நம்புவான்? அவ மலைத்தலைவரு மக. நான் மாடு மேய்க்கறவன் மவன். நான் சொன்னா, தப்பும் பண்ணிப்போட்டுப் பெரிய ஊட்டுப் புள்ள மேல பழியும் போடறான்னு சொல்லுவாங்க'ங்கறான்.

— வெண்ணி தலைவரு மகளா? இத எப்பச் சொன்னாங்க?

— இன்னைக்குத்தான் சொன்னாங்க.

— ஓ.

— அவனோட அம்மா ஊருல காத்துக்கிட்டிருக்கறா. அவங்க தெருவுலயே மலையேறுன மொதல் ஆளு அவன். போறப்பத் தெருவே வந்து வழியனுப்பி வெச்சுது. நார் உரிச்சு உரிச்சுக் காப்புக் காச்சுப்போன கையி அவங்கம்மாளுக்கு...

— நார் உரிக்கறாளா? தென்ன நாரா?

— ஏதோ ஒரு நாரு.

— சம்முவோட அம்மா ஆனமலையில தென்ன நாருதான் உரிக்குது.

— அப்பிடியா. அப்ப எல்லா ஊரு அம்மாளும் ஒரே மாதிரித்தான் போல.

— நீ வெண்ணியத் திருடி மாதிரிப் பேசற செல்வி. அவ வேணும்னு பண்ணல. பயம் புள்ள! பயத்துல கை கால் ஓடாது. அந்த நேரத்துல என்ன பண்றோம்னே தெரியாது. எடுத்தா, செரி. ஆனா அதப் பாத்து ஒரு எழுத்துக்கூட எழுதல. மேடம் பக்கத்துல வந்ததும் கால்ல தள்ளி உட்டா, அவ்வளவுதான். அது அந்தப் பக்கம் போயிருச்சு...

— கால்லயா? வெண்ணி கையிலதான தட்டி உட்டா. கால்ல இல்லியே லோகா.

— உனக்கு எப்பத் தெரியும்?

— அன்னைக்கே. செக் பண்ண வந்த ஸ்குவாடு மேடம் மேசையில அந்தப் பிட்டு கெடந்துச்சு. பச்ச மை. நம்ம கிளாசுல பச்ச மையில எழுதறது நீ ஒருத்திதான்.

— சம்மு சொன்னாளா?

— அவ வாயே தொறக்கல. நானும் ஆஸ்டல்ல மூணு நாளா கேட்டுப் பாத்துட்டேன். செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. 'லோகா எப்பிடி இருக்கா, பயந்துக்கிட்டாளா'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டா.

— அய்யோ சாமி. அப்பிடியா கேட்டா?

— அப்பிடித்தான் கேட்டா.

— நான் படிச்சிருந்தேன் செல்வி. நெசமா. அந்த ஒரே ஒரு கேள்விதான் மண்டையில நிக்கவே இல்ல. சும்மா கையில இருந்தாத் தைரியமா இருக்கும்னு வெச்சுக்கிட்டுப் போனேன். தள்ளி உட்டப்ப அவ பெஞ்சுப் பக்கம் போவும்னு நெனைக்கல. அவ குனிஞ்சு பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. மேடம் அவ கையப் புடிச்சு இழுத்தாங்க. எந்திரிக்கோணும்னுதான் நெனச்சேன். காலு வரல. அன்னைக்கே சொல்லியிருந்தா ஆயிருக்கும். ஒவ்வொரு நாளா போகப்போக, வாயி இன்னும் கெட்டியா ஒட்டிக்குது.

— நானே போயி பிரின்சிபாலுகிட்டச் சொல்லிப்போடலாம்னு நேத்து படியேறிட்டேன். பாதிப் படியில நின்னுட்டேன். உன்னக் காட்டிக் குடுத்துட்டு அப்பறம் உன்ற மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது? எறங்கி வந்தேன். ஆஸ்டல்ல சம்மு ரூமத் தாண்டித்தான் என்ற ரூமுக்குப் போகோணும். அவ மூஞ்சியவும் பாக்க முடியல. ராத்திரி பூரா இதே அக்கப்போரு.

— அம்மணி, நடுவுல பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க. கத தெச மாறிப் போச்சுங்களா? வெண்ணி ஒத்துக்கிட்டாளா இல்லியா?

— அதைய நானும் கேக்கறேன் செல்வி. வெண்ணி என்ன சொன்னா?

— பொழுது கெளம்புது. காவல்காரங்க கொம்பன நிமுத்தி நிக்க வெக்கறாங்க. கவுறு அவுக்கறாங்க. தலைவரு கைய ஓங்கறாரு. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வெண்ணி நடந்து வர்றா. வில்லக் கீழ போட்டுட்டா. எல்லாரும் வழி உடறாங்க. வந்து அப்பன் முன்னால நிக்கறா. வாயத் தொறக்கறா...

— தொறந்து?

— தொறந்துங்க அம்மணி?

— தொடரும்னு போட்டுட்டாங்க.

— அட, கெரகமே! இன்னும் ஏழு நாளுக்கு இப்பிடி நிறுத்திப்போட்டாங்களே! ஏனுங், கேட்டீங்களா, தொடருமாமுங்க!

— அவ சொல்லிருவாளா செல்வி?

— எனக்கெப்பிடித் தெரியும்? நீதான் மொதல் வாரத்துலிருந்து உடாமப் பாக்கற. நீ சொல்லு.

— சொல்லிருவா.

— சொன்னா அவளத் தள்ளிப்போடுவாங்களே.

— தள்ளட்டும். கொம்பன் மலையேறுன மொத ஆளு. அவன் கீழ உழுந்துட்டா அந்தத் தெருவுலிருந்து இன்னொருத்தன் ஏற மாட்டான். வெண்ணி உழுந்தா தூக்கி உடறதுக்கு ஆளு இருக்குது, ஊடு இருக்குது. அவ சொல்லித்தான் ஆகோணும். நான் சொல்லிப்போடறேன் புள்ள!

— லோகா, நல்லா ரோசன பண்ணிக்க. மூணு வருசம் உனக்குப் போயிரும்.

— தெரியும்.

— உங்கப்பா படிப்பையே நிறுத்திப்போடுவாரு.

— நிறுத்தட்டும். கத்துவாரு, ரண்டு நாளைக்குச் சாப்பிடாமக் கெடப்பாரு. ஊட்டுல இப்பவே சொல்லிப்போடறேன். தள்ளிப்போட்டா மறுக்கா வாயி ஒட்டிக்கும். அம்மாவையும் கூட்டிக்கிட்டு நாளைக்கு மொதல் பஸ்ஸுல வாரேன். ஒம்பது மணிக்கெல்லாம் காலேஜு கேட்டுல நிப்பேன். அய்யோ செல்வி, என்னமோ தெரியல, பசிக்குது புள்ள! ஒரு வாரத்துக்கு அப்பறம் இப்பத்தான் பசிக்குது!

— நானும் கேட்டுல நிக்கறேன். உன்ற கூடவே உள்ள வாரேன். பிரின்சிபால் வெளிய போன்னு சொன்னாலும் போக மாட்டேன்.

— சம்முகிட்டச் சொல்லிப்போடு. இல்ல, வேண்டாம். நானே சொல்றேன். என்ற வாயிலிருந்துதான் அவ கேக்கோணும்.

— சரி. சொல்லல.

— அம்மா கூப்பிடறாங்க. வெக்கட்டுமா?

— லோகா, வெக்காத. ஒரு நிமிசம். நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். இன்னைக்கு அந்த சீரியலு... நான் உங்கிட்டச் சொன்னதெல்லாம்...

— வேண்டாம் செல்வி, சொல்லாத. செழியன் மணல்ல எழுதறான்னு நீ சொல்லிட்டிருந்தப்பவே இங்க கரண்டு வந்துருச்சு. டிவியில இன்னைக்கு சீரியலே இல்ல, பத்து மணியிலிருந்து கிரிக்கெட்டுதானாம். சத்தத்தக் கொறச்சு வெச்சுட்டு, நீ சொல்றதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.