பொறுமை என்று எழுதிய கை

அவரை அடித்தவன் சிறையில் இருக்கிறான். அவரைக் கொன்றவர்கள் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குழுத் தலைவரும் எங்கள் போதகருமான ஐயா அவர்களே, வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவின் உறுப்பினர்களே, சபை மூப்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தையல் கடைத் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் மேடைப்படி ஏறும்போது ஒரு மூப்பர் என் சட்டையைப் பிடித்து, "நல்லத மட்டும் பேசுங்க தம்பி, செத்தவங்க ஆத்துமா சாந்தியடையணும்" என்றார். நல்லதைத்தான் பேசப் போகிறேன் ஐயா. ஆனால் அது அவரைப் பற்றிய நல்லது.

நாங்கள் அவரை அகராதி என்று கூப்பிடுவோம். கிரேக்க அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதவர் என்பது பாதிக் காரணம். அகராதி பிடித்தவர் என்பது மீதிப் பாதி. அவருக்கும் இது தெரியும். கோபம் வந்தால் அவரே, "அகராதிகிட்டயே அகராதித்தனமா?" என்று மேசையைத் தட்டுவார். மாலை போட்ட இந்தப் படத்தில் எவ்வளவு சாதுவாகச் சிரிக்கிறார்! யார் எடுத்த படம் இது? இப்படி அவர் சிரித்து இந்த மண்டபத்தில் யார் பார்த்தது? டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தில், ரப்பர் நாற்றத்துக்கு நடுவே, முதுகு கிழிந்து டேப் ஒட்டிய அந்தத் தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துகிற பெண்ணைத்தான் எனக்குத் தெரியும்.

அவருடைய வேலை என்ன? புதிய மொழிபெயர்ப்பில் ஒரு பகுதி முடிந்ததும் அதை வெளியே எடுத்துப்போய், முன்பின் தெரியாதவர்களிடம் வாசித்துக் காட்டுவது. எல்லாக் குழுக்களிலும் இந்த வழக்கம் உண்டு. வாசித்துவிட்டு "புரியுதா?" என்று கேட்போம். "புரியுது" என்பார்கள். டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அகராதி அப்படிக் கேட்கமாட்டார். "புரியுதான்னு கேட்டா எவனும் தலையாட்டுவான். இதக் கேட்டுட்டு நாளைக்கு நீ என்ன செய்வேன்னு கேளு. அங்கதான் நம்ம வண்டவாளம் வெளிய வரும்" என்பார்.

அந்தக் கேள்வியோடுதான் அவர் ஒரு தையல் கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். உபத்திரவத்தில் பொறுமையாக இருப்பதைப் பற்றிய பகுதி. மெஷின்களை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஓரத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அகராதி கேட்டார்:

"இதக் கேட்டுட்டு நீ என்னம்மா செய்வே?"

"திரும்பிப் போவேங்க்கா."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். எங்க வீட்டுக்காரர்கிட்ட. போதகர் ஐயாவும் இதே வசனத்தச் சொல்லித்தான் போகச் சொன்னாரு."

நெற்றி வியர்வையைத் துடைக்க அந்தப் பெண் கையைத் தூக்கினார். முழங்கைக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருந்தது. பழைய தழும்பு அல்ல. நீர் கோத்து, பளபளவென்று இருந்தது. பக்கத்து மெஷின்காரி, "இதுக்கே வாயப் பொளக்கிறீங்களே, முதுகக் காட்டச் சொல்லுங்க" என்றார். 

மறுநாள் குழு கூடியது. மேடையில் இருக்கும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கூட்டத்துக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். நாம் பொறுமை என்று எழுதும் அந்தச் சொல் கிரேக்கத்தில் ஹுப்பொமொனே. கீழே என்பது அதன் முன்பாதி, நிலைத்திருத்தல் பின்பாதி. பாரத்தின் கீழே பெயராமல் நிற்பது. பக்கத்தில் நின்றவன் ஓடிய பிறகும் வரிசையை விடாத போர்வீரனுக்கு அந்த மொழிக்காரர்கள் சொன்ன சொல் அது. பெற்றோர் ஊர் திரும்பிய பிறகு கோயில் இருக்கும் நகரத்திலேயே நின்றுவிட்டானே, பின்னாளில் சிலுவை சுமந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவன் நின்றதைச் சொல்லவும் வேதத்தில் இதே வினைதான் வருகிறது. யாரிடம் அனுமதி கேட்டு நின்றான் அவன்? கோபத்தை நீட்டித் தள்ளிப்போடும் நிதானத்துக்குக் கிரேக்கத்தில் தனியாக வேறு சொல் இருக்கிறது. இது அதுவல்ல.

உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தானே ஒருவன், அவனிடம் இருந்ததும் ஹுப்பொமொனே என்கிறது வேதம். அவன் வாயை மூடிக்கொண்டா இருந்தான்? பிறந்த நாளைச் சபித்தான். ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பொய்யர்கள் என்றான். கடவுளையே வழக்காட வா என்று கூப்பிட்டான்!

இதையெல்லாம் அகராதி உங்கள் முன்னால் நின்று சொன்னார். தலைவர் ஐயா என்ன சொன்னீர்கள்? "பொறுக்கிறதுன்னா தமிழ்ல சுமக்கிறதும்தானேம்மா. அகராதியப் பாருங்க."

"அகராதியில இருக்குங்கய்யா. அந்தப் பொண்ணு அகராதி வாசிக்கலியே. நீங்க சொன்னதத்தானே கேட்டா. வேற சொல்லு போடுங்க. முடியலைன்னா கீழ ஒரு குறிப்பாவது போடுங்க. அடிக்கிறவன்கிட்ட திரும்பிப் போறதுக்கு இந்த வசனம் இல்லைன்னு."

"ஜனங்க காதுக்குப் பழகின சொல்லும்மா. உணர்ச்சிவசப்படாதீங்க."

வாக்கெடுப்பு நடந்தது. அகராதியின் கையும் என் கையும்தான் மேலே போயின. மற்ற கைகள் மடியில் கிடந்தன. இப்போது கிடப்பதைப் போலவே.

அன்று மாலையே அந்தப் பெண்ணை, பிள்ளைகள் இருவரோடும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார் அகராதி. மாடியில் ஒற்றை அறை. ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படி. அந்த வாரத்திலேயே ஒரு காலையில், தெரு முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும்போது, தான் வேலை செய்யும் லேத் பட்டறையிலிருந்து இரும்புத் தண்டோடு கணவன் வந்தான். நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அந்தப் பெண். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

"என் பொண்டாட்டிய அனுப்புடி."

"அனுப்புறதுக்கு அவ என்ன பார்சலா? கீழ எறங்கு."

"போதகரே போன்னு சொல்லிட்டாரு. நடுவுல நீ யாரு?"

"உன் போதகருக்குக் கிரேக்கம் சொல்லிக் குடுக்கிறவ. எறங்குடா!"

முதல் அடி தோளில் விழுந்தது. உள்ளேயிருந்து இந்தப் பெண் அழுதார்: "அக்கா, வழிய விடுங்க, நான் போயிடறேன்." அகராதி திரும்பாமலே சொன்னார்: "நீ கதவச் சாத்துடி!" அதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. அடுத்த அடியில் தாடை உடைந்தது. பற்கள் படியில் உருண்டன. இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவன் விரல்களை அடித்தான். ஒரு கை விட்டது. முழங்கையைக் கொடுத்து நின்றார். தலையில் அடித்தான். உட்கார்ந்தார், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. அடித்து அடித்துக் கை ஓய்ந்து, அவனே இரத்தப் படியில் உட்கார்ந்த பிறகுதான் தெரு மேலே ஏறியது. அந்தக் கதவைத் திறக்க அவர் உடலைத் தூக்கி நகர்த்த வேண்டியிருந்தது.

ஹுப்பொமொனே என்றால் என்ன என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், அந்தக் கதவைக் காட்டுவேன்.

அவன் கையில் தண்டு இருந்தது. நாக்கில் என்ன இருந்தது? உங்கள் வாக்கியம்! "போதகரே போன்னு சொல்லிட்டாரு." போலீசிலும் அதையே சொல்லியிருக்கிறான்.

இத்தோடாவது விட்டீர்களா? நேற்று தலைவர் ஐயாவும் ஒரு மூப்பரும் தையல் கடைக்குப் போனீர்கள். துணிக்கட்டுகளுக்கு நடுவே அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் பேசினீர்கள். "கதவு சாத்தியிருந்துச்சு, நான் ஒண்ணும் பாக்கலைன்னு கோர்ட்டுல சொல்லிடும்மா. புள்ளைங்களுக்கு அப்பன் வேணுமில்ல? சபை பேரு கெட்டுடும். பொறுமையா இரு." கொன்ற சொல்லில் இரத்தம் காயவில்லை, அதையே மறுபடி கையில் எடுத்தீர்களே!

பார்த்தேன் என்று சொல்ல இருப்பவர் அவர் ஒருவர்தான்; தெருவில் யாரும் ஒன்றும் பார்க்கவில்லையாம். அவர் வாயைத் திறக்காவிட்டால் அவன் வெளியே வருவான். வந்தால் எந்தப் படியில் ஏறுவான் என்று உங்களுக்குத் தெரியாதா?

நண்பர்களே, அகராதியின் வேலையை நான் செய்வேன். நாளை அதே தையல் கடைக்குப் போவேன். அவர் எழுதச் சொன்ன குறிப்பை எழுதி, ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைமேல் வைப்பேன். கிழித்தால் மறுபடி எழுதுவேன். இது அவர் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

ஆனால் என் வாக்கு போதாது. இரண்டாவது வரிசையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் போ என்று அவரிடம் சொன்ன வாய், பார்த்ததைச் சொல்லாதே என்று சொன்ன வாய், இதோ என் வலப்பக்கம் இருக்கிறது. தலைவர் ஐயா, எழுந்திருங்கள். இத்தனை பேர் கேட்க அவரிடம் சொல்லுங்கள்: "நீ பாத்ததச் சொல்லும்மா, சபை உன்கூட நிக்கும்."

மைக்கை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

அந்தப் பெண் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், ஐயா.

மைக் வேலை செய்கிறது, ஐயா.

ஐயா?